சொல் இல்லாத அம்பு

1. எங்கள் தொழிற்சாலையில் பெண்களுக்குச் சுகாதார வகுப்பு எடுக்க ஊழியர்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் அதில் இருந்தேன்.
2. கருத்து வரைபடம் போட வைத்துப் பாடம் நடத்தும் முறையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.
3. சுங்குவார்சத்திரத்தில் எங்கள் பெண்கள் தங்கும் விடுதியில், ஓர் அறைப் பெண்களோடு சிறுநீரகம் பற்றி ஒரு வரைபடம் போட்டேன்.
4. அந்த அறையிலிருந்த ஒரு பெண் அதில் ஓர் அம்பு ஒட்டினாள்.
5. கொஞ்ச நேரத்தில் அவளே அதைப் பிரித்து எடுத்தாள்.
6. வரைபடத்துக்கு முதல் பரிசு கிடைத்தது.
7. அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் போயின.

நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எதையும் வரிசை போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். ஐந்தாவதால்தான் ஏழாவது நடந்தது என்று மருத்துவர் யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்பை ஒட்டிய நாளுக்கும் அவள் விழுந்த நாளுக்கும் நடுவில் சில மாதங்கள் இருந்தன. அந்த மாதங்கள் முழுவதும் அவள் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதே நிறுத்தியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்பது மட்டும்தான் மருத்துவமனையில் சொன்னது.

எனக்குச் சொந்த ஊர் மண்ணூர். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துவிட்டு, வீட்டிலிருந்தே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். எங்கள் ஆலையில் சர்க்யூட் போர்டு தயாராகிறது. லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே வேலை. நடுவில் கழிவறைக்குப் போக வேண்டுமானால் ரிலீவர் வர வேண்டும். போய்த் திரும்பும்வரை நம் இடத்தில் நிற்கும் ஆள். லைன் முழுவதற்கும் ஒரே ரிலீவர். கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் ஷிஃப்ட்டுக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. புதிதாக வரும் பெண் முதல் வாரத்திலேயே தானாகக் கற்றுக்கொள்கிறாள்.

கருத்து வரைபடத்தை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் ஒரு செவிலியர் கல்லூரி ஆசிரியை. முறை எளிமையானது. நடுவில் ஒரு பெட்டி போட்டு அதில் தலைப்பை எழுத வேண்டும். அதைப் பற்றி யாருக்கு என்ன தெரியுமோ ஒவ்வொன்றையும் ஒரு பெட்டிக்குள் எழுத வேண்டும். எந்தப் பெட்டி எதோடு சேர்கிறதோ அதற்கு ஓர் அம்பு விட வேண்டும். அம்பின்மேல் ஒரு வினைச்சொல் வேண்டும். நோயைப் பற்றி நாம் பேசிக்கொண்டே போனால் கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களே வரைந்தால்தான் அவர்கள் தலைக்குள் எது எதோடு ஒட்டியிருக்கிறது, எது ஒட்டாமல் கிடக்கிறது என்பது வெளியே வரும் என்றார். கடைசியாக அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"அம்பு விட்டுட்டு என்ன எழுதறதுன்னு தெரியாம முழிப்பாங்க. திட்டாதீங்க. ஒரு கேள்விக்குறி போட்டு அப்படியே வைங்க. எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்க. பாடமே அங்கதான்மா இருக்கு."

எங்கள் இடத்தில் சொல்லித்தரப்படும் எதுவும் செக் ஷீட் ஆகிவிடும். செக் ஷீட் ஆனதற்கு மதிப்பெண் வந்துவிடும். மதிப்பெண் வந்ததற்குப் போட்டி வைத்துவிடுவார்கள். பாதுகாப்பு வாரத்துக்குக் கருத்து வரைபடப் போட்டி என்று அறிவிப்பு வந்தபோது அதோடு பயிற்சிப் பிரிவின் செக் ஷீட்டும் வந்தது. நடுப்பெட்டி உள்ளதா, கையெழுத்து தெளிவாக உள்ளதா, எல்லா அம்புகளிலும் சொல் உள்ளதா என்று வரிசையாகக் கட்டங்கள். சொல் இல்லாத அம்புக்கு மதிப்பெண் குறையும். என்னென்ன சொற்களைப் பயன்படுத்தலாம் என்றும் கீழே கொடுத்திருந்தார்கள்: உண்டாக்கும், கூட்டும், குறைக்கும், தடுக்கும். கேள்விக்குறிக்கு அதில் இடம் இல்லை.

அந்த அறையில் எட்டுப் பேர். விடுதியில் ஊர்தான் கூப்பிடும் பெயர். என்னை மண்ணூர் அக்கா என்பார்கள். அறையில் மூத்தவர் அரக்கோணம் அக்கா, லைன் லீடர். மற்றவர்களின் துணி காயவில்லை என்றால்கூட அவர்தான் சத்தம் போடுவார். தென்காசி என்று கூப்பிடப்பட்டவள்தான் நான் சொல்லும் பெண். பழுதான போர்டுகளைச் சரிசெய்யும் ரீவொர்க் மேசையில் வேலை. மெலிந்த கை, நீளமான விரல்கள். போர்டில் ஒட்டியிருக்கும் எதையும் சுவடு தெரியாமல் பிரித்து எடுப்பாள்.

அறையில் ஜன்னலுக்கு மேலே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. சம்பள நாளன்று பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் ஆளுக்கு ஒரு அட்டை வலி மாத்திரை வாங்கி அதில் போட்டுவிட வேண்டும். குதிகால் வலி, இடுப்பு வலி, மாதவிலக்கு வலி, நைட் ஷிஃப்ட் தலைவலி எல்லாவற்றுக்கும் அதே டப்பா. யார் எடுத்தார்கள், எத்தனை எடுத்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது அசிங்கம். அறைக்குப் புதிதாக வரும் பெண் பெட்டியைக் கீழே வைத்ததும் அந்த டப்பாவைத்தான் முதலில் காட்டுவார்கள். தனக்கும் அதில் பங்குண்டு என்று தெரிந்ததும் பாதி அழுகை நின்றுவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த அறையில் எட்டுப் பேருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

வார விடுமுறை நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் சார்ட் பேப்பரை விரித்தோம். அம்பு வரைந்தால் கோணலாகிறது என்று, போர்டில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட நாங்கள் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரில், பசை காய்ந்துவிட்டதென்று ஸ்டோர்ஸில் ஒதுக்கிய சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நடுவில் சிறுநீரகம் என்று எழுதினேன். முதலில் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. பிறகு திண்டிவனத்துப் பெண் 'ஹாஸ்டல் சாம்பார்' என்று ஒரு பெட்டி போட்டு, அதிலிருந்து எல்லாப் பெட்டிக்கும் அம்பு ஒட்ட ஆரம்பித்தாள்.

"அதுக்கு வார்த்தை இன்னாடி?" என்றார் அரக்கோணம் அக்கா.

"உண்டாக்கும். அல்லாத்துக்கும் அதே வார்த்தைதான்க்கா."

அதன்பிறகு கைகள் இறங்கின. உப்பு, நீர்க்கடுப்பு, முகவீக்கம், அடக்கிவைத்தல், தண்ணீர் குடிக்காதது என்று பெட்டிகள் வந்தன. தண்ணீர் குடிக்காததற்குப் பக்கத்தில் ஒருத்தி 'ரிலீவர் வராதது' என்று எழுதினாள். அரக்கோணம் அக்கா பேனாவைப் பிடுங்கினார். இதைக் கேண்டீனில் மாட்டுவார்கள், மேனேஜர் படிப்பார், எந்த லைன் என்று கேட்டுத் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்றார். அந்தப் பெட்டியின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி 'மறதி' என்று எழுதினார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. எங்கள் ஆலையில் ஒரு போர்டு கெட்டுப்போனால் ஏன், ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டு எழுத வேண்டும். கடைசிப் பதில் எப்போதும் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்றுதான் முடியும். அப்படி முடித்தால் மறுபயிற்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். வேறு எதை எழுதினாலும் மேலே இருக்கும் ஒருவர் ஏதாவது செய்தாக வேண்டும். நாளாவட்டத்தில் கை தானாகவே அங்கே போகும்.

டப்பாவுக்கும் ஒரு பெட்டி போட்டிருந்தார்கள். 'டப்பா மாத்திரை' என்ற பெட்டியிலிருந்து 'வலி' என்ற பெட்டிக்கு அம்பு, மேலே 'குறைக்கும்'. தென்காசி அதுவரை ஒன்றும் எழுதவில்லை. சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து, டப்பாவிலிருந்து 'முகவீக்கம்' என்ற பெட்டிக்கு ஒட்டினாள்.

அது என்ன அம்பு என்று அரக்கோணம் அக்கா கேட்டார்.

"டப்பால உள்ள மாத்திரைய போட்டம்னா மறுநா காலைல மூஞ்சி ஊதிருதுக்கா. காலும் ஊதுது. போடாத வாரத்துல ஊதல."

"நைட் ஷிஃப்ட்டு பாத்துட்டு பகல்ல தூங்குனா அல்லாருக்கும்தான் ஊதும். எனக்குப் பொறந்ததுலர்ந்தே ஊதிகினு கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் அம்பின்மேல் என்ன சொல் எழுதலாம் என்று கேட்டேன். 'உண்டாக்கும்' என்று போடலாமா என்று செக் ஷீட்டைக் காட்டினேன்.

"உண்டாக்குமான்னு எனக்கு எப்படிக்கா தெரியும், நான் என்ன டாக்டரா? ரெண்டும் சேந்து வருது. அவ்வளவுதாம் தெரியும். சேந்து வரும்னு எழுதலாமா?"

அந்தச் சொல் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை எழுதினால் மதிப்பெண் போகும் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள். கேள்விக்குறி போட்டு ஆசிரியைக்கு அனுப்பலாம் என்று சொன்னேன். அப்படிப் போட்டால் அதுவும் சொல் இல்லாத அம்புதானே என்றார்கள். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. தென்காசி குனிந்து நகத்தால் அந்த ஸ்டிக்கரைப் பிரித்து எடுத்தாள். தாள் கிழியவில்லை. பசைத் தடம்கூட இல்லை. அங்கே ஓர் அம்பு இருந்தது என்று பார்த்தவர் யாரும் சொல்ல முடியாது. பிரித்த ஸ்டிக்கரைத் தன் கட்டில் சட்டத்தில் ஒட்டிக்கொண்டாள்.

முதல் பரிசாக எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கேண்டீன் நடையில் மாட்டினார்கள். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதெல்லாம் அதன் பக்கத்தில்தான் நாங்கள் நின்றோம்.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. லைனில் எல்லோருக்கும் கம்பெனி ஷூதான். தென்காசிக்கு அது போடமுடியாமல் இறுகியது. ஒரு அளவு பெரியதாகக் கேட்டாள். இந்த வயதில் கால் வளர்கிறதா பாப்பா என்று ஸ்டோர்ஸில் கேலி செய்துவிட்டுக் கொடுத்தார்கள். சில வாரங்களில் அதுவும் போதவில்லை. பின்புறத்தை மிதித்து மடக்கிப் போட்டுக்கொண்டு நின்றாள். ஆடிட்டில் அதற்கு ஒரு குறிப்பு எழுதினார்கள். சோற்றைக் கண்டால் குமட்டுகிறது என்றாள். முதலுதவி அறையில் வாயுவுக்கு மாத்திரை தந்தார்கள். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார்களாம், இல்லை என்றாளாம். பொய் சொல்லவில்லை. அந்த அறையில் மருந்து என்பது டாக்டர் எழுதித்தருவது. டப்பாவில் இருப்பது டப்பா மாத்திரை.

நின்று நின்று கால் வலித்தது. வலித்தால் டப்பா.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ரீவொர்க் மேசைக்கடியில் விழுந்தாள். கம்பெனி ஆம்புலன்ஸில் அரக்கோணம் அக்கா ஏறிக்கொண்டார். லைனை விட்டுப் போக அனுமதி கேட்கவில்லை. அதற்காக அவருக்கு மெமோ வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பெரிய அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்த விடுமுறை நாளில் அரக்கோணம் அக்காவோடு நான் போனேன். தென்காசியின் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அவள் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பரிசாக வந்த ஸ்டீல் பாட்டில் இருந்தது. இனிமேல் அவளுக்கு அளந்துதான் தண்ணீர் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா பாட்டிலின் மூடியில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இவள் என்ன மாத்திரை போட்டாள் என்று இளம் மருத்துவர் ஒருவர் எங்களைக் கேட்டார். அரக்கோணம் அக்கா தன் கைப்பையைத் திறந்து பிஸ்கட் டப்பாவையே எடுத்து அவர் மேசைமேல் வைத்தார். மருத்துவர் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கோபமில்லாமல் விளக்கினார். அவளுக்கு முதலிலேயே சிறுநீரகம் பலவீனமாக இருந்திருக்கலாம். யாரும் சோதித்துப் பார்க்காததால் தெரியவில்லை. இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுருக்கும். உடம்பில் தண்ணீரும் இல்லாதபோது அது இன்னும் மோசம். நல்ல சிறுநீரகமே தாங்காது. முகம் ஊதியபோதே வந்திருக்க வேண்டும் என்றார்.

அரக்கோணம் அக்கா கேட்டார்: "அப்போ நாங்க மத்த ஏழு பேரும்?"

எல்லோரும் வந்து சோதனைக்கு ரத்தம் கொடுக்கும்படி சொன்னார்.

திரும்பி வார்டுக்குள் போனபோது தென்காசி விழித்திருந்தாள். மருத்துவர் பேசியது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அப்ப நான் ஒட்டுன அம்பு சரிதானக்கா?"

சரிதான் என்றேன்.

"வார்த்தை என்னவாம்?"

"சுருக்கும்."

"அது லிஸ்ட்லயே இல்லையே" என்றாள்.

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ரீவொர்க் மேசையில் ஒரு போர்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு உதிரி பாகம் ஸ்டாக்கில் இல்லை என்று சொல்லும் அதே குரல். அரக்கோணம் அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தவரை நான் கூப்பிடவில்லை.

ஊர் திரும்பியதும் ஆசிரியைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கேள்விக்குறி போட்டீர்களா என்று கேட்டார். செக் ஷீட்டில் அதற்கு இடமில்லை என்றேன்.

"ஷீட்டா? நான் ஷீட் எதுவும் குடுக்கலையேம்மா."

அவரிடம் வலி மாத்திரையையும் சிறுநீரகத்தையும் பற்றி எழுதி வாங்கிக்கொண்டு பயிற்சிப் பிரிவுக்குப் போனேன். கேண்டீன் நடையில் இருக்கும் வரைபடத்தில் ஓர் அம்பும் ஒரு பெட்டியும் சேர்க்க வேண்டும் என்றேன். அம்பு டப்பாவிலிருந்து சிறுநீரகத்துக்கு. பெட்டி, வெள்ளைத்தாளுக்கு அடியில் இருக்கும் 'ரிலீவர் வராதது'. பரிசு பெற்ற வரைபடத்துக்கு ஆவண எண் போட்டாகிவிட்டது, மாற்ற வேண்டுமென்றால் திருத்தக் கோரிக்கை கொடுக்க வேண்டும் என்றார் அந்தப் பிரிவின் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். கோரிக்கை கொடுத்தேன். மருத்துவ ஆதாரம் கேட்டார்கள். ஆசிரியை எழுதியதை இணைத்தேன். அடுத்த வாரம் நடைச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க எல்லாச் சட்டங்களையும் கழற்றினார்கள். பெயின்ட் காய்ந்த பிறகு மற்றவை திரும்பி வந்தன. அது வரவில்லை. என் கோரிக்கை நிலுவையில் இருப்பதாகக் கணினியில் காட்டுகிறது.

விடுதியில் மற்ற ஏழு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருத்தியை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பகல் ஷிஃப்ட் மாறாததால் அவள் இன்னும் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அரக்கோணம் அக்கா டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டார். அடுத்த சம்பள நாளில் அதே இடத்தில் வேறொரு டப்பா இருந்தது. யார் வைத்தார்கள் என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். கடைசியில் திண்டிவனத்துப் பெண் மட்டும், "வலி இருக்குதேக்கா" என்றாளாம்.

நான் வகுப்பை நிறுத்தவில்லை. செக் ஷீட்டைக் கொண்டுபோவதில்லை. வரைபடங்களைப் போட்டிக்குக் கொடுப்பதுமில்லை. சொல் தெரியாத அம்புக்குக் கேள்விக்குறி போடச் சொல்கிறேன், படம் எடுத்து ஆசிரியைக்கு அனுப்புகிறேன். போன மாதம் பக்கத்து அறையில் ஒருத்தி, போர்டில் பற்றவைக்கும்போது வரும் சாலிடர் புகையிலிருந்து இருமலுக்கு ஓர் அம்பு ஒட்டி, மேலே ஒன்றும் எழுதாமல் என்னைப் பார்த்தாள். அப்படியே விடச் சொன்னேன். பலர் இதை வெட்டி வேலை என்கிறார்கள், பரிசில்லாத அம்பு சார்ட்டை யார் உட்கார்ந்து ஒட்டுவது என்று. சில நாட்களில் மூன்று பேர் வருவார்கள். சில நாட்களில் யாரும் வருவதில்லை.

இப்போதைய நிலை இது. தென்காசிக்கு ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. அவள் அம்மாவின் சிறுநீரகம் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அவளுடைய ஒப்பந்தத்தை ஆலை புதுப்பிக்கவில்லை. அவள் கட்டிலில் இப்போது வேறொரு பெண் படுக்கிறாள். லைனுக்கு இன்னும் ஒரே ரிலீவர்தான். டப்பா ஜன்னலுக்கு மேலே இருக்கிறது.